அரசன் கேட்ட கையெழுத்து

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குள் போகும் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தலையில் துண்டோ தொப்பியோ இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் வந்தால் சாமிதோப்பு, அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி, அதாவது அந்த வழியினரின் முதன்மைக் கோயில், இருக்கிற ஊர். அங்கேயும் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். ஆனால் தலையில் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டாமல் ஆண்கள் உள்ளே போக முடியாது. வெளியூர்க்காரர் யாராவது பழக்கத்தில் துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்தால், பக்கத்தில் நிற்கிறவரே "தலையில கட்டுங்க" என்று சொல்லிவிடுவார்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் வளர்ந்தவன் நான். ஏன் இப்படி என்று சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். "அந்தக் காலத்துல நம்ம ஆளுக தலையில துண்டு கட்டக்கூடாது மக்களே. பெரிய ஆளுகளக் கண்டா துண்டு இடுப்புக்குப் போயிரணும். அய்யாதான் அதை எடுத்துத் தலையில கட்டுன்னாரு. சாமி முன்னாலயே கட்டியாச்சு, அப்புறம் எவன் முன்னால அவுக்கணும்?"

பாட்டியின் அந்தக் கடைசிக் கேள்வி வருஷக்கணக்காக என்னோடு இருக்கிறது. எல்லா உயிரும் ஒன்று என்ற ஞானம் நம் நாட்டுக்குப் புதிது கிடையாது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அதைப் பாடியிருக்கிறோம், உரை எழுதியிருக்கிறோம், மடங்களில் கற்பித்திருக்கிறோம். அந்த ஞானம் நன்றாகத் தெரிந்திருந்த ஊரிலேயே ஒரு மனிதன் இன்னொரு மனிதனைக் கண்டதும் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு வரப்போரம் ஒதுங்கி நின்றான். இரண்டும் ஒரே தெருவில் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன?

சுசீந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவனும் திருமாலும் பிரம்மாவும் ஒரே மூர்த்தியாக இருக்கும் கோயில் அது. சைவ வைணவச் சண்டை இன்னும் முழுக்க அடங்காத ஒரு நாட்டில், மூன்று தெய்வங்களை ஒரே லிங்க வடிவில் வைத்துக் கும்பிட ஒரு பெரிய மனசு வேண்டும். அந்த மனசு நம் முன்னோர்களுக்கு இருந்தது. அதே கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926ல் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது. நாகர்கோவில் டாக்டர் எம்.இ. நாயுடு போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். கோயிலுக்குள் போக 1936 நவம்பர் 12ல் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர வேண்டியிருந்தது. தெய்வங்கள் மூன்றையும் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்களால், தெருவில் நடக்கிற இரண்டு மனிதர்களை ஒன்றாகப் பார்க்க முடியவில்லை.

கெட்டவர்கள் கையில் நல்ல தத்துவம் சிக்கிக்கொண்டது என்று இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. தத்துவத்துக்குள்ளேயே ஒரு வசதியான கதவு இருந்தது என்று நினைக்கிறேன். அத்வைதம் இரண்டு தளங்களைப் பற்றிப் பேசுகிறது. பரமார்த்தம் என்கிற மேலான உண்மையில் எல்லாம் ஒன்று, வியவகாரம் என்கிற அன்றாட நடப்பில் எல்லாம் வேறு வேறு. ஞானத்தை விளக்க அந்தப் பிரிவு தேவையாக இருந்திருக்கலாம், அதில் நான் குறை காணவில்லை. ஆனால் ஊரில் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்றால், ஒருமையை முழுக்க மேல் தளத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கீழ்த் தளத்தில் கிணறு தனி, தெரு தனி, சுடுகாடு தனி. தியானத்தில் "நீயும் நானும் ஒன்று" என்று உணர்ந்த மனிதர் கண்ணைத் திறந்து வாசலுக்கு வந்தால், "நீ அங்கேயே நில்" என்று சொல்வதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு, கடைசி வருஷங்களில் திருவிதாங்கூர்-கொச்சியோடு, இருந்தது. அந்தப் பழைய திருவிதாங்கூரில் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு என்னென்ன தடை இருந்தது என்று லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871ல் எழுதி வைத்திருக்கிறார். நாடார்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, தங்க நகை அணியக்கூடாது, மாடி வைத்து வீடு கட்டக்கூடாது, பசுவைக் கறக்கக்கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. புலையர், பறையர் நிலைமை இதைவிட மோசம். அவர்கள் ஆடுமாடு போல விற்கப்பட்டார்கள்.

இடுப்பில் குடம் வைக்கக்கூடாது என்ற தடையை யோசித்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? வரி குறைந்துவிடுமா, நெல் குறைந்துவிடுமா? ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு நடந்தால் அவள் இன்னொரு பெண்ணைப் போலத் தெரிவாள். அவ்வளவுதான் பயம். வேலையும் வரியும் வாங்கிக்கொண்டது போதாது, ஒரே மாதிரி தெரிந்துவிடக்கூடாது என்பதுதான் அந்த மொத்த ஏற்பாட்டுக்கும் அடிமண்.

அய்யா வைகுண்டர் 1809ல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். கீழ்ச்சாதிக்குழந்தைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேலிருந்து எதிர்ப்பு வந்ததால் முத்துக்குட்டி என்று மாற்றினார்கள் என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பெயர் வரைக்கும் அந்தக் கை நீண்டிருக்கிறது. 1833ல், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20ல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து அவர் வைகுண்டராக வெளிப்பட்டார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. இன்றும் மாசி 20 எங்கள் மாவட்டத்தில் விடுமுறை. நாகர்கோவில் நாகராஜா கோயில் திடலிலிருந்து சாமிதோப்பு வரைக்கும் காவித் தலைப்பாகையோடு ஊர்வலம் போகும். வெயிலில் அத்தனை பேர் நடக்கிற அந்தச் சாலையோரத்தில் மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டு நிற்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு.

அவர் சொன்னதைவிடச் செய்ததைப் பார்த்தால் விஷயம் நன்றாக விளங்கும். சாமிதோப்புப் பதிக்குப் பக்கத்தில் முத்திரிக் கிணறு இருக்கிறது. பதிக்குள் போவதற்கு முன் அந்தத் தண்ணீரில் பதமிட்டுத்தான், அதாவது குளித்துத்தான், போக வேண்டும், குடிக்கவும் செய்வார்கள். எந்தச் சாதியாக இருந்தாலும் ஒரே கிணறு, ஒரே தண்ணீர். இன்றைக்குக் குழாயைத் திறந்து தண்ணீர் பிடிக்கிற நமக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். அன்றைக்குத் தண்ணீர்தான் எல்லாவற்றையும் விடக் கண்டிப்பான எல்லை. பேசுவதை மன்னித்துவிடலாம், எதிரே வந்துவிட்டதைக்கூட ஒரு குளியலில் போக்கிக்கொள்ளலாம். தண்ணீர் அப்படியில்லை, உள்ளே போய் உடம்பாகவே ஆகிவிடும். ஒருவன் இறைத்த தண்ணீரை இன்னொருவன் குடித்துவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது? அந்த இடத்தில் கை வைத்தார் அவர். "நாமெல்லாம் ஒன்று" என்று சொல்லிக்கொண்டே கிணற்றடியைத் தவிர்க்கிற வசதியை அவர் யாருக்கும் விட்டுவைக்கவில்லை.

தொட்டு நாமம் சாற்றுவதும் இப்படித்தான். கோயில்களில் திருநீறு பக்தனின் கையில் மேலிருந்து விழும். கை கையைத் தொடாது. பதியில் பணிவிடை செய்கிறவர் வெண்மண்ணை எடுத்து, வந்திருப்பவரின் நெற்றியைத் தொட்டு, புருவ மத்தியிலிருந்து மேல்நோக்கி இடுவார். தீண்டாமையைக் கண்டித்து நூறு பாட்டு எழுதலாம். ஒரு விரலால் ஒரு நெற்றியைத் தொட்டுவிட்டால் அந்த நூறு பாட்டும் சொல்ல வந்தது முடிந்துவிடும்.

அப்புறம் துவையல் தவசு. எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் கூடி, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, தினமும் பல தடவை குளித்து, துணியைத் துவைத்து உடுத்தித் தவம் இருந்தார்கள். இதைப் பற்றி எனக்கு இரண்டு மனசு உண்டு. அழுக்கு என்று சொல்லி ஒதுக்கியவர்கள் மேல் தப்பிருக்க, ஒதுக்கப்பட்டவர்கள் ஏன் குளித்துக் காட்ட வேண்டும்? மனிதன் சமம் என்பதற்குச் சுத்தம் ஒரு தகுதியா? இந்தக் கேள்வியை நண்பர் ஒருவர் என்னிடம் கோபமாகவே கேட்டார், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் மேல்சாதிக்காரர் யாருக்கும் காட்டுவதற்காகக் குளித்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேறொருவன் வயலில் காலை முதல் ராத்திரி வரை கூலியில்லாத ஊழியம் செய்கிறவனுக்குத் தன் உடம்பே தனக்குச் சொந்தம் கிடையாது. அந்த உடம்பைக் கழுவ, அதற்குத் துவைத்த துணி உடுத்த, அவனுக்கென்று நேரம் இருக்காது. எழுநூறு குடும்பங்கள் எல்லா வேலையையும் விட்டுவிட்டுத் தங்கள் உடம்பைத் தாங்களே பார்த்துக்கொண்ட நாட்கள் அவை. அதை நான் தவம் என்றே சொல்வேன்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சாதி பார்க்காமல் ஜனங்கள் கூடுவது அரண்மனைக்கு எட்டியது. சுவாதித் திருநாள் மகாராஜா காலம். வைகுண்டரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து விடுதலை செய்வதாக ஒரு பேச்சு வந்தது, ஒரு நிபந்தனையோடு. இனிமேல் உன் காரியங்களை உன் சாதிக்காரர்களோடு மட்டும் வைத்துக்கொள், அப்படி எழுதிக் கையெழுத்துப் போடு. அவர் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்ச நாளையும் சிறையிலேயே கழித்துவிட்டு, 1839ல் வெளியே வந்தார் என்று அய்யாவழி மரபு சொல்கிறது.

எங்கள் வீட்டில் இந்தக் கதையை வீரக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. அரசாங்கம் எதற்கு ஒத்துக்கொள்ளத் தயாராக இருந்தது என்று பாருங்கள். உன் ஜனங்களைத் திருத்து, அவர்களுக்குச் சுத்தம் சொல்லிக்கொடு, பந்தி போடு, பஜனை பாடு. அதெல்லாம் ஆட்சேபம் இல்லை. ஒரு சாதி தனக்குள்ளே கொஞ்சம் உயர்ந்துகொண்டால் ஏணி அப்படியே இருக்கும், ஒரு படிக்குக் கொஞ்சம் பெயிண்ட் அடித்த மாதிரி. நாலு படியில் நிற்கிறவர்களும் இறங்கி வந்து ஒரே தரையில் உட்கார்ந்தால்தான் ஏணியே போய்விடும். அரசன் அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தான். வைகுண்டரும் புரிந்துகொண்டிருந்தார். அதனால்தான் அந்த ஒற்றை நிபந்தனை இரண்டு பேருக்கும் அவ்வளவு பெரிதாக இருந்தது.

இதே கணக்கு தோள்சீலை விவகாரத்திலும் தெரியும். நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக 1820களில் தொடங்கி நாற்பது வருஷத்துக்குக் கிட்ட அடிதடியும் தீவைப்பும் நடந்தன. கடைசியில் 1859 ஜூலை 26ல் பிரகடனம் வந்தது. குப்பாயம் என்ற ரவிக்கை போட்டுக்கொள்ளலாம், முரட்டுத் துணியை மீனவப் பெண்களைப் போலச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. மானத்தைக் கொடுத்துவிட்டு ஒப்பாக இருப்பதை மட்டும் கையில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பாட்டி ஆண்களின் தலைப்பாகையைப் பற்றிப் பேசின அளவுக்குத் தோள்சீலையைப் பற்றிப் பேசினதில்லை. அவளுடைய முன்னோர் பெண்களின் உடம்பு சம்பந்தப்பட்ட கதை அது. கேட்டால், "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று மட்டும் சொல்வாள்.

பதியின் கருவறையைப் பள்ளியறை என்பார்கள், அதில் சிலை கிடையாது. விளக்குகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி இருக்கும். கும்பிட நிற்கிறவருக்கு அதில் அவர் முகம் தெரியும். இறைவன் உனக்குள் இருக்கிறான் என்பதைக் காட்டத்தான் என்று எல்லாரும் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பனையேறியை 1840களில் நினைத்துப் பாருங்கள். அவன் வீட்டில் முகம் பார்க்கக் கண்ணாடி இருந்திருக்காது. தன்னைத் தலைப்பாகையோடு அவன் பார்த்தே இருக்க மாட்டான். ஒரு குழந்தையின் பெயரிலிருந்து முடியை எடுத்துவிட்டார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, வந்தவர்கள் எல்லாருக்கும் முடி சூட்டிவிட்டு, அந்த முகத்தையே சாமியாகவும் காட்டியது. நான் ஒருமை என்று நம்புவது இதைத்தான். எனக்குள் இருப்பதே அவனுக்குள்ளும் இருக்கிறது என்றால், அவன் குனிந்து நிற்கையில் சாமியே குனிந்து நிற்கிறது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நான் தனியாகப் போய் எந்தச் சாமியைக் கும்பிடுவது?

சாமிதோப்புக்குக் கிட்டத்தில்தான் மருத்துவாழ்மலை. நாராயண குரு இளம் வயதில் அந்த மலைக் குகையில் தவம் இருந்தார். அங்கிருந்து போனவர் 1888ல் அருவிப்புறத்தில் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்து, சாதி பேதமும் மதத் துவேஷமும் இல்லாமல் எல்லாரும் சகோதரர்களாக வாழும் இடம் இது என்று எழுதி வைத்தார். அவர் சுத்தமான அத்வைதி. வேதாந்தத்தில் ஒரு வரியைக்கூட அவர் மாற்றவில்லை. மேல் தளத்தில் பூட்டிக் கிடந்ததைக் கீழே கொண்டுவந்தார், அதற்கே நாடு ஆடிப்போனது. 1927ல் களவங்கோடத்தில் அவரும் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். கண்ணாடி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற சண்டை எனக்கு வேண்டாம். மருத்துவாழ்மலையின் உச்சியில் ஏறி நின்று பார்த்தால், ஒரு பக்கம் கடலும் இன்னொரு பக்கம் வயலும் தென்னையுமாக எல்லாம் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். இப்படி ஒரு சின்ன நிலத்தில் இந்தச் சிந்தனை இத்தனை தடவை முளைத்ததற்குக் காரணம் நிலமல்ல, இங்கே விழுந்த அடிதான் என்று நினைக்கிறேன். அடி எங்கே கடுமையோ அங்கேதான் ஒருமை ஒரு அவசரத் தேவையாகிறது.

மற்ற மதங்களிலும் இதே மாவட்டத்தில் இதே தாகம் இருந்திருக்கிறது. நட்டாலத்தில் 1712ல் பிறந்த தேவசகாயம் அரண்மனை உத்தியோகஸ்தர். 1745ல் ஞானஸ்நானம் பெற்ற பிறகு தாழ்த்தி வைக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். 1752ல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது, பெயரிலிருந்த பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டு. அதை எடுக்க இருநூற்றெழுபது வருஷம் ஆகியிருக்கிறது, ஆனாலும் எடுத்தார்களே என்று எனக்கு மகிழ்ச்சி. மயிலாடியில் வேதமாணிக்கம் என்ற தலித் மனிதரின் அழைப்பில் ரிங்கல்தௌபே பாதிரியார் வந்து சபை தொடங்கினார், எங்கள் மாவட்டத்து மிஷன் பள்ளிக்கூடங்களின் வரலாறும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தக்கலையில் பீர்முகமது அப்பா நெசவு செய்துகொண்டே தமிழில் ஞானப் பாட்டு பாடினார். அவர் ஆண்டு விழா ராத்திரியில் ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுவதைக் கேட்க எல்லா மதத்து ஜனங்களும் தர்காவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசில்லை. ஏனென்றால் இப்போது எங்கள் பக்கம் ஒருமையைப் பற்றிய பேச்சு வேறு ஒரு வேலையும் செய்கிறது. யாராவது சாதியால் பட்ட அவமானத்தைப் பற்றி வாய் திறந்தால், "எல்லாரும் ஒண்ணுதானே, எதுக்குப் பழசைக் கிளறுத?" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஞானம் போல ஒலிக்கும், கேட்கிறவர் அதற்கு மேல் பேச முடியாது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு விழாவில் ஆன்ம ஒருமையைப் பற்றி அழகான சொற்பொழிவு ஒன்றைக் கேட்டேன். முடிந்ததும் சாப்பாடு. துப்புரவு வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும் மண்டபத்துக்குப் பின்னால் பொட்டலமாகக் கொடுத்தார்கள். பேசியவருக்கு இது தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். கொடுத்தவர்கள் அந்தப் பேச்சை முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்கள்.

வைகுண்டர் மரபில் அந்தத் தப்பு இல்லை. 1841ல் தாமரைக்குளத்து அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை ஒருமையைப் பாடும் நூல்தான். ஆனால் அதில் வரிகளின் பட்டியல் வருகிறது. தாலிக்கு வரி, தடிக்கு வரி, பனைக்கு வரி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கும். அவதாரக் கதைக்கு நடுவில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அந்த இடம்தான் நூலின் உயிர். எந்தெந்தக் கை எங்கெங்கே அறுத்தது என்று சொல்லி முடிக்காமல் ஒட்ட முடியாது. காயத்தைப் பெயர் சொல்லாமல் தொடங்குகிற ஒருமை, காயப்படுத்தினவனுக்குத்தான் சௌகரியம்.

சட்டம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அது எழுதப்பட்டிருக்காவிட்டால் என் பாட்டனார் நடந்த பாதையில்தான் நானும் நடந்திருப்பேன், அதற்குத் தினமும் நன்றி சொல்ல வேண்டும். சட்டம் தெருவைத் திறக்கும், பள்ளிக்கூடத்தைத் திறக்கும், மறுத்தவனைக் கோர்ட்டுக்கு இழுக்கும். ஒருவன் இன்னொருவனின் வீட்டுக்குள் போய் அவன் தட்டில் சாப்பிட்டு, அவன் பிள்ளைக்குத் தன் பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற இடத்துக்குச் சட்டத்தால் கூட வர முடியாது. அங்கே ஒரு நம்பிக்கை வேண்டியிருக்கிறது. இவன் நான்தான் என்ற நம்பிக்கை. பக்தி அதைத் தராவிட்டால் வேறு எதற்குப் பக்தி?

இன்றைக்கு எங்கள் ஊர்ப் பக்கம் கல்லறைத் தோட்டம் சாதிக்கு ஒன்று. கல்யாண விளம்பரத்தில் மதம் மாறினவர்களும் பழைய சாதியைக் குறிப்பிடுகிறார்கள். நிழல் தாங்கல்கள் என்கிற அய்யாவழியின் சின்ன வழிபாட்டு இடங்களில் எல்லாருக்கும் வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்த் தாங்கலில் நிர்வாகத்திலும் பணிவிடையிலும் உகப்படிப்பு என்ற வழிபாட்டுப் பாடல் ஓதுவதிலும் இருப்பவர்கள் ஒரே சமூகத்தவர்கள். யாரையும் யாரும் விரட்டவில்லை. யாரும் வெளியே போ என்று சொல்லவும் இல்லை. காலப்போக்கில் அப்படி ஆகிவிட்டது. உன் சாதியோடு மட்டும் நிறுத்திக்கொள் என்று அரசன் நீட்டிய காகிதத்தில் அய்யா போட மறுத்த கையெழுத்தை, நாங்கள் யாரும் கேட்காமலேயே போட்டுக் கொடுத்திருக்கிறோம். இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் கோபப்படுகிறார்கள். கோபப்படட்டும். அய்யாவின் பெயரால் வாழ்கிறவர்களிடம் அய்யாவின் அளவுகோலைத்தானே காட்ட முடியும்.

போன திருநாளில் அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, தாங்கல் கமிட்டியில் இருக்கும் மாமாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எல்லாத் தெருக்காரங்களும் வந்து சாப்பிடத்தானே செய்யுதாவ? அதுக்கு மேல என்ன செய்யணுங்க?" என்றார்.

"சாப்பிடுதாவ மாமா. சமைக்கது யாரு?"

"அது நம்ம ஆளுகதான். எப்பவும் அப்படித்தானே."

"கிழக்குத் தெருக்காரங்க சமைச்சா நம்ம ஆளுக வந்து உக்காந்து சாப்பிடுவாவளா?"

மாமா உடனே பதில் சொல்லவில்லை. அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வயசானவங்க ரெண்டு மூணு பேரு வரமாட்டாவ" என்றார். கொஞ்சம் யோசித்து, "அவங்க வராட்டியும் பரவாயில்லன்னு வச்சுக்க, ஆனா கிழக்குத் தெருவுல கூப்பிட்டா வருவாவளா? இத்தனை வருஷம் கூப்பிடல்லியே" என்றார். அந்தக் கேள்வியை அவர் கேட்டதற்காகவே அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

வரும் மாசித் திருநாளுக்கான சமையல் பட்டியலில் கிழக்குத் தெருவிலிருந்து நாலு பேரைச் சேர்ப்பது பற்றிக் கமிட்டியில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்துக்கு முன்னால் நானும் அவருமாக அந்தத் தெருவுக்குப் போய், வீடு வீடாக உட்கார்ந்து, அவர்களுக்கு விருப்பமா என்று முதலில் கேட்பதாக முடிவு செய்திருக்கிறோம்.